கொடுவா கிடைக்கவில்லை

"தம்பி, எந்த பிடிஎஃப் சாஃப்ட்வேர் நல்லது?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் பிரிண்டரையும் சரிசெய்வான், இதற்கும் பதில் சொல்வான் என்பது கடலூரில் ஒரு நம்பிக்கை. நானும் பல வருடம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இது இலவசம், அது வேகம், இன்னொன்றில் வாட்டர்மார்க் விழாது. இணையத்தில் கிடைக்கும் 'டாப் 10' பட்டியல்களும் இதையேதான் சொல்கின்றன. அந்தப் பதில்களையெல்லாம் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தமிழில் எழுதுகிறவருக்கு அந்தப் பட்டியல்கள் காசுக்கு உதவாது. உள்ளே போட்ட எழுத்து திரும்ப வெளியே வருமா என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

என் பெரியப்பாவின் புத்தகத்தைச் சொன்னால் புரியும். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரைக்கும் கடலோரக் குப்பங்களில் அலைந்து மீன் பெயர், வலைப் பெயர், காற்றுப் பெயர் என்று முப்பது வருடம் நோட்டில் எழுதிச் சேர்த்தார். கொடுவா, கெளுத்தி, நெத்திலி, சென்னாக்குன்னி. கொண்டல், கச்சான், வாடை. ஒரே மீனுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் என்றால் இரண்டையும் எழுதுவார், சொன்னவர் பெயரோடு. அப்படிச் சொன்னவர்களில் சிலர் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இல்லை. 2009இல் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு டிடிபி கடையில் கொடுத்துப் புத்தகமாக்கினார். 300 பிரதி அடித்தார். கடைக்காரர் ஒரு சிடியில் பிடிஎஃப் போட்டுக் கொடுத்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது வீட்டு ஓடு பறந்து, நோட்டுகள் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. கடைக்காரரின் பழைய கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. பிரதிகள் யார் யார் வீட்டிலோ. கையில் மிச்சம் இருந்தது அந்த பிடிஎஃப் மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு இப்போது கிளாக்கோமா. கண்ணில் பக்கம் நிற்பதில்லை. போன் வாசித்துக் காட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என் புஸ்தகத்த அதுல போடுறா" என்றார். போட்டேன். போன் ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் உச்சரித்தது. "என், எஃப், ஹெச், எல், டி, ஹெச்."

"யாருடா இது?" என்றார் பெரியப்பா.

அது கொடுவா.

புத்தகம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினியில் ஆங்கில 'என்' உட்காரும் இடத்தில் ஒற்றைக்கொம்பின் படம் இருக்கும். 'எஃப்' இடத்தில் க. 'ஹெச்' இடத்தில் கால். மூன்றையும் வரிசையாக அடித்தால் கண்ணுக்குக் 'கொ' தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த ஃபைலில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது, தமிழ் வேஷம் கட்டிய ஆங்கிலம்தான் இருக்கிறது. பெரியப்பா ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்தில் லத்தீன் பெயரும் போட்டிருந்தார், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு. பிடிஎஃபில் 'லேட்டஸ் கால்காரிஃபர்' என்று தேடினால் உடனே கிடைக்கிறது. கொடுவா என்று தேடினால் இல்லை. கடலூர்க்காரர் எழுதிய கடலூர் மீன் புத்தகத்தில் லத்தீன் மட்டும் உயிரோடு இருந்தது.

டிடிபி கடைக்காரரைத் திட்ட மாட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அவர் கையில் இருந்தது பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல், யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. அவரவர் கடையில் அவரவர் எழுத்துரு. ஒரு கடையில் அடித்த ஃபைலை இன்னொரு கடையில் திறந்தால் குப்பையாகத் தெரிந்த காலம் அது. பிடிஎஃப் எழுத்துருவையும் கூடவே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனது. எங்கே திறந்தாலும் அதே பக்கம், அதே வரி. தமிழர்கள் பிடிஎஃபை இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த நிம்மதிதான் நம்மைக் கெடுத்தது. தமிழுக்கு யூனிகோடில் இடம் 1991இலேயே, முதல் பதிப்பிலேயே இருக்கிறது. தமிழக அரசு 2010இல் அதைத் தரமாக அறிவித்தது. ஆனால் பிடிஎஃப் நன்றாகத் தெரிகிறதே, பிறகு எதற்கு மாற வேண்டும்? "பிரிண்ட்ல நல்லா வருதுல்ல சார், அப்புறம் என்ன?" இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலைமுறைப் புத்தகங்கள் போய்விட்டன.

இதுவரை சொன்னது பழைய கதை, எல்லாருக்கும் ஓரளவு தெரியும். எனக்குக் கோபம் அடுத்த கதையில். அதில் குற்றவாளி நான்.

பாமினியை யூனிகோடுக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. பிடிஎஃபிலிருந்து எழுத்தை உருவி, மாற்றியில் போட்டு, இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து பிழை பார்த்தேன். நல்ல எழுத்துருவில் அழகாக வடிவமைத்தேன். அப்புறம் எனக்குப் பிடித்த, நானே பத்துப் பேருக்குச் சிபாரிசு செய்த ஒரு மென்பொருளில் பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினேன். மத்தி என்று தேடினேன், கிடைத்தது. வஞ்சிரம் கிடைத்தது. வேலை முடிந்தது என்று அந்த மூலக் கோப்பை அழித்துவிட்டேன். ஆமாம், நான் மென்பொருள் பொறியாளன்தான். பெரியப்பாவின் போனில் போட்டால் மத்தியைச் சரியாக வாசிக்கிறது. கொடுவா வந்தால் தடுமாறுகிறது. கெளுத்தி, நெத்திலி, கோலா எல்லாம் அப்படியே. கொம்பு உள்ள மீன் எதுவும் வலையில் விழவில்லை.

காரணம் பிடிஎஃபின் பிறப்பிலேயே இருக்கிறது. அடோபியின் ஜான் வார்னாக் 1991இல் 'கேம்லாட்' என்ற பெயரில் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் உருவான ஆவணமும் எந்தக் கணினியிலும் அப்படியே தெரிய வேண்டும், அப்படியே அச்சாக வேண்டும் என்பதுதான் கனவு. 1993இல் பிடிஎஃப் வந்தது. அது அச்சுக்காரரின் கனவு, அதனால் அது பக்கத்தில் எந்த எழுத்து வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதைத்தான் முதன்மையாகச் சேமிக்கிறது. அந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதற்கு 'டூ-யூனிகோட்' என்று ஓர் அட்டவணையை மென்பொருள் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இது போதும், அங்கே எழுதும் வரிசையும் வரையும் வரிசையும் ஒன்று. தமிழில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி, மொத்தம் இரண்டு. வரையும்போது கொம்பு, க, கால் என்று மூன்று, அதுவும் கொம்பு முன்னால். வடிவத்துக்கு ஒரு எழுத்து என்று அட்டவணையைப் பார்த்து உருவினால் கொம்பு தனியாக முன்னால் வந்து விழும். திரையில் கொடுவா மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல்.

பாமினி பிடிஎஃப் ஒரு வகையில் யோக்கியமானது. முழுக்கத் தப்பாக, ஒரே மாதிரித் தப்பாக இருந்தது, அதனால் திருத்த முடிந்தது. என் புது பிடிஎஃப் பாதி சரியாக இருந்து ஏமாற்றியது. நீங்கள் தேடுகிற முதல் சொல்லில் எகர, ஏகார, ஐகார, ஒகரம் எதுவும் இல்லையென்றால் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள். கிடைக்கவில்லை என்றால் புத்தகத்தில் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மருந்து பிடிஎஃபிலேயே இருக்கிறது. 'ஆக்சுவல் டெக்ஸ்ட்' என்று பெயர். வரைந்த வடிவங்களுக்கு மேல், இங்கே உண்மையில் எழுதியிருப்பது இதுதான் என்று ஒரு சீட்டு ஒட்டி வைப்பது. லிப்ரே ஆபீஸின் இன்றைய பதிப்புகள் இதைச் செய்கின்றன. ஸீடெக்கில் ஒரு வரிக் கட்டளை போதும். வேர்டில் 'சேவ் ஆஸ்' வழியாகப் போனால் ஆவணத்தின் கட்டமைப்பையும் சேர்த்து எழுதும் வசதி இருக்கிறது. 'பிரிண்ட்' வழியாகப் போனால் அந்தக் கட்டமைப்பு உதிர்ந்துவிடும், பிரிண்டருக்கு எதற்குக் கட்டமைப்பு? பிடிஎஃபைக் காட்டும் செயலிகளிலும் சில இந்தச் சீட்டை மதிப்பதில்லை, அது தனிக் கொடுமை. இன்னொரு பொறியும் உண்டு. ஆவணக் காப்புக்கென்று 2005இல் வந்த 'பிடிஎஃப்/ஏ' என்ற தரத்தைக் காட்டி, நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்பார்கள். அதில் 'பி' என்ற நிலை பக்கம் அப்படியே தெரியும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். எழுத்தும் யூனிகோடாக வெளியே வர வேண்டும் என்று கேட்பது 'யு' நிலை, அது 2011இல் இரண்டாம் பகுதியில்தான் வந்தது. எந்த நிலை என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

ஆகவே மென்பொருளின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். 'கொடுவா கெளுத்தி கோலா நெத்திலி சௌகரியம்' என்று ஒரு வரி அடியுங்கள். பிடிஎஃப் ஆக்குங்கள். அதைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அப்படியே வந்தால் அந்த மென்பொருளை வாங்கலாம். வராவிட்டால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் இதைச் செய்யாமல்தான் பத்துப் பேருக்குச் சிபாரிசு செய்தேன்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் சிரிப்பார். "ஓசிஆர் இருக்கு, ஏஐ இருக்கு, படத்தைக் காட்டினா படிச்சிடும், நீ எந்தக் காலத்துல இருக்க?" அதையும் செய்து பார்த்தேன். கொடுவாவைக் கொடுவாள் என்று படித்தது. அதற்குத் தெரிந்த சொற்களில் அதுதான் பக்கத்தில் இருந்தது. பத்திரிகைத் தமிழை அது நன்றாகவே படிக்கும். ஆனால் ஒரு குப்பத்தில் மட்டும் புழங்கும் பெயர், ஒரே ஒரு கிழவர் சொன்ன வலைப் பெயர், இதையெல்லாம் பிழை என்று எண்ணித் திருத்திவிடும். எந்தச் சொல்லுக்காகப் பெரியப்பா முப்பது வருடம் அலைந்தாரோ அதைத்தான் முதலில் தின்னும். எழுத்தை நாமே கையில் வைத்திருந்தும் படமாக்கிவிட்டு, பிறகு அந்தப் படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவரிடம் ஊகிக்கச் சொல்வது என்ன புத்திசாலித்தனம்?

கீழவீதியில் அந்தக் கடை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும். அந்தக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததையும், எண்ணெய் ஊற்றிப் புற்றை நீக்கி மிச்சத்தை எடுத்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இந்தக் காலத்துக்கு வேண்டியது மட்டும் மிஞ்சியது என்று அசரீரி சொன்னதாம். சின்ன வயதில் கேட்டபோது சமாதானமாக இருந்தது. இப்போது, போனதைப் பற்றி யாரும் மேற்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்ன வார்த்தை மாதிரி இருக்கிறது. கறையானாவது புற்றுக் கட்டிக் காட்டிக்கொடுத்தது. பிடிஎஃபில் மேலே ஏடு பளபளவென்று இருக்கும்.

நம் இலக்கிய வட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. "பிடிஎஃப் இருக்கா தோழர்?" என்பது நம் தேசிய கீதம். கொடுப்பதும் வாங்குவதும் சரியா தப்பா என்று வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அந்த பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்குமா என்று யாராவது கேட்டோமா? சிற்றிதழ்த் தொகுப்பை 'டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்' என்று விழா எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பக்கங்களின் புகைப்படம். படம் எடுப்பது நல்ல காரியம், பேப்பர் உதிர்வதற்கு முன் எடுத்தே ஆக வேண்டும், ஆனால் அது முதல் படிதான். 1998 பொங்கலில் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். குறியீடுகள் மாறின, யூனிகோட் வந்தது, அவர்கள் நூல்களும் அதற்கு மாறின. பிடிஎஃபும் தருகிறார்கள், ஆனால் எழுத்து அவர்கள் கையில் இருந்தது. பிடிஎஃப் அவர்களுக்கு அச்சுப்பிரதி. நமக்கோ அதுவே கையெழுத்துப் பிரதி.

நேற்று ஒரு பதிப்பக நண்பரிடம் இதைச் சொன்னேன். "வாசகர் கேட்கலயே" என்றார். கேட்டால் கிடைக்காததால்தான் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

பெரியப்பாவின் புத்தகத்தைப் பாமினியிலிருந்து மறுபடி உருவினேன், மறுபடி இரண்டு வாரம். இந்த முறை மூல எழுத்துக் கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று வீட்டில், ஒன்று என் கம்ப்யூட்டரில், ஒன்று தங்கையிடம். பிடிஎஃபும் இருக்கிறது, சோதித்தது. போன வாரம் கடலூர் போனபோது போனை அவர் பக்கத்தில் வைத்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கொடுவான்னு தேடு" என்றார்.

தேடினேன். "37 இடத்துல இருக்கு பெரியப்பா."

"41 இருக்கணுமேடா. நல்லாப் பாரு."

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிடைத்துவிட்டன. வரி முடிவில் சொல் உடைந்து கிடந்தது.