சொல் அறிவோம்: சஃபாரி

ஆங்கிலத்தில் 'சஃபாரி' என்றதும் வனவிலங்குகளும் கூடாரங்களுமே நினைவில் எழும். ஆயினும், வாசகர்களே, அச்சொல் நமக்கு அந்நியமானதன்று. பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லே கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' ஆயிற்று. அங்கு எந்தப் பயணமும் சஃபாரிதான். உறவினர் இல்லம் செல்வதும் சஃபாரியே. 19ஆம் நூற்றாண்டில் அதனை ஏற்ற ஆங்கிலேயர், கானகத்தில் தங்கி வேட்டையாடும் பயணம் எனப் பொருளைச் சுருக்கினர். 1977இல் கென்யா வேட்டையைத் தடை செய்தது. இன்று அங்குச் செல்வோர் ஏந்துவது புகைப்படக் கருவியையே. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆகவே, ஆங்கிலத்தில் எழுதுகையில் சாதாரண ஊர்ப் பயணத்தைச் சஃபாரி என்னாதீர்கள். வனவிலங்குகளை நாடிச் செல்லும் பயணத்திற்கே அது பொருந்தும். கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரைச் 'சபராளி' என நம் பெரியோர் அழைத்ததும் இதே வேரிலிருந்துதான் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.