தண்ணி குடிச்ச வண்டி

வீடு வாங்குவதென்றால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறீர்கள். மூலப் பத்திரம் எங்கே, வாரிசு எத்தனை பேர் என்று வக்கீலை வைத்துக் குடைகிறீர்கள். பழைய கார் வாங்கப் போனால் மட்டும் ஏன் சார், 'மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?' என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொள்கிறீர்கள்?

கோபப்படாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

காத்திவாக்கத்தில் எனக்கு ஒரு நண்பர். கன்டெய்னர் லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே வயிற்றுப்பிள்ளைக்காரியை ஆட்டோவில் அழைத்துப் போய் வருவதற்குள் மனுஷனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. 'பழசோ புதுசோ, ஒரு காரை வாங்கிடலாம்' என்று முடிவுகட்டினார். இது நடந்தது 2024-ல்.

காத்திவாக்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கிழக்கே கடல், இந்தப் பக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும். துருவைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால் நண்பர் தெருவிலிருந்தே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டார். துணைக்கு நான்.

பழைய கார்க் கடையில் வெள்ளை வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. 'சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடிச்சு.' புது சீட் கவர். உள்ளே மல்லிகை வாசனை. மார்க்கெட் விலையைவிட எழுபதாயிரம் குறைவு. நண்பர் முகத்தில் மாப்பிள்ளை களை வந்துவிட்டது.

மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை இழுத்தார், இழுத்தார், கடைசி அங்குலம் வரை இழுத்தார். வழக்கமாக யாரும் பார்க்காத அந்தக் கடைசிப் பகுதியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார். அடியில் ஒரு பிடி மணல்.

'அண்ணே, வண்டி தண்ணி குடிச்சிருக்கு. வேணாம், வாங்க போலாம்.'

கடைக்காரர் அசரவில்லை. 'சென்னையில தண்ணி பார்க்காத வண்டி ஏது சார்?' என்றார்.

பாதி உண்மைதான். 2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி பார்த்தோம். அப்போது எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் வந்தது வெறும் வெள்ளம்கூட இல்லை; எண்ணெய் கலந்த வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் இந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின? காயலான் கடைக்குச் சில. மிச்சம்? கழுவி, சீட் மாற்றி, சென்ட் அடித்து, 'டாக்டர் வண்டி' ஆகி உங்கள் முன்னால் நிற்கின்றன.

'இன்ஜின் ஓடுதே, அப்புறம் என்ன?' என்பீர்கள். இன்ஜின் ஓடும் சார். பிரச்னை அது இல்லை. ஏர்பேக்குக்கு உத்தரவு போடும் கன்ட்ரோல் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் பகுதிக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. காருக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைகிறவற்றில் அதுவும் ஒன்று. ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்க மாதக்கணக்கு ஆகும். அன்றைக்கு டெஸ்ட் டிரைவில் எல்லாம் சரியாக இருக்கும். ஒன்றரை வருஷம் கழித்து, மோதுகிற அந்த ஒரு விநாடியில் ஏர்பேக் விரியாமல் போகலாம். நண்பர் லாபம் என்று நினைத்த எழுபதாயிரம், பேரப்பிள்ளை உட்காரப்போகும் வண்டியின் பாதுகாப்பைக் கழித்து வந்த தொகை.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

நான் பி.காம். படித்தவன். ஒரு கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில் கடனை மறைத்தால் அதற்குப் பெயர் மோசடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் காரின் பேலன்ஸ் ஷீட் ஆர்.சி. புத்தகம். பேங்கில் கடன் வாங்கியிருந்தால் அதில் பதிவு உண்டு. கேஸ் கிட் மாட்டினால் பதிவு செய்ய வேண்டும். நிறம்கூட அதில் இருக்கிறது. ஆனால் இந்த வண்டி மூன்று நாள் வெள்ளத்தில் கிடந்தது என்று எழுத ஓர் இடம் இல்லை. கடன் கொடுத்த பேங்க்கைக் காப்பாற்ற ஒரு வரி உண்டு. காசு கொடுத்து வாங்குகிற உங்களைக் காப்பாற்ற ஒரு வரி இல்லை!

விவரம் கிடைக்காது என்று யாரும் கதைவிட வேண்டாம். ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் 'மொத்த நஷ்டம்' என்று இன்சூரன்ஸ் கம்பெனியே கணக்கை முடிக்கிறது. பணம் கொடுக்கிறது. அப்புறம் அந்த வண்டி ஏலத்துக்குப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, நிரந்தரமாக உபயோகத்துக்கு லாயக்கற்றுப் போன வண்டியின் பதிவை ரத்து செய்யச் சொல்கிறது. 'சரி பண்ணினால் ஓடும்' என்று ஆகிவிட்டால்? ஆர்.சி. உயிரோடு இருக்கும். ஒரு கணக்கில் செத்த வண்டி, இன்னொரு கணக்கில் ஜம்மென்று ஓடும். பாலிசி, கிளெய்ம் விவரங்களைத் திரட்டவே இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ 2009-ல் தொடங்கப்பட்டது. அந்த விவரத்தில் ஒரு வரியை ஆர்.சி.யோடு சேர்க்க என்ன தடை?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளத்தில் மூழ்கிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறிக்கிறார்கள். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு, வண்டியை வேறு மாநிலத்துக்கு ஓட்டிப் போய் அந்தக் குறிப்பை அழித்து விற்ற பலே ஆசாமிகள் அங்கேயும் உண்டு. ஆனால் பாருங்கள், அங்கே அழிப்பதற்காவது ஒரு வரி இருந்தது.

'பாவம், வெள்ளத்தில் மாட்டியவன் வண்டியை நல்ல விலைக்கு விற்க முடியாதே' என்று சிலர் கண் கலங்குவார்கள். விற்கட்டுமே! தண்ணீர் எதுவரை வந்தது, என்னென்ன மாற்றினோம், இதோ பில் என்று காட்டி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும். மறைத்தால் மட்டும் கிடைக்கிற விலை நல்ல விலை இல்லை, அடுத்தவன் பாக்கெட்.

அந்த வரி வரும்வரை நீங்கள்தான் குனிய வேண்டும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். யாரோ விளக்கின் வாயைக் கட்டியிருக்கலாம். பழைய பாலிசிகளைக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் ஏறிக்கொண்டே வந்து திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால், 'அந்த வருஷம் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் சர்வீஸ் ரெக்கார்டையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

கடைசியாக ஒன்று, காது கொடுங்கள். அடுத்த மழையில் உங்கள் வண்டியே மூழ்கலாம். அப்போது தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால், அதற்கென்று தனியாகப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். கட்டி இழுத்துப் போய்ச் சரி செய்யுங்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

சில வருஷம் கழித்து அதை விற்கும்போது வாங்க வந்தவர், 'தண்ணியில நின்னுதா சார்?' என்று கேட்பார். அந்த 'டாக்டர் வண்டி'க்கும் முதலில் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அவரும் நம்மைப்போல நாலு பேர் மதிக்கிற மனிதராகத்தான் இருந்திருப்பார்.

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?