கோட்டை அளக்கலாம்... கால் பட்ட இடத்தை? கபடி 'டை' ஆனால் ஏன் இவ்வளவு சண்டை?

ஸ்கோர் சமம். கடைசி ரெய்டு. கால் போனஸ் கோட்டைத் தாண்டி விழுந்ததா, இல்லையா? நடுவர் கை தூக்கியதும் ஒரு பக்கம் விசில், இன்னொரு பக்கம் "போங்காட்டம்!" என்று கூச்சல். பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடை நேரத்துக் கபடி பார்த்தவர்களுக்கு இதைப் புதுசா சொல்ல வேண்டியதில்லை.

கோடு எங்கே இருக்கு?

ஆண்கள் கபடியில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிரணியில் 6 பேராவது இருக்கும்போது, ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்ற, இன்னொரு கால் அந்தரத்தில் இருந்தால் 1 புள்ளி. கோட்டை டேப் வைத்து அளந்துவிடலாம். கால் பட்ட இடம்? கண் சிமிட்டினால் போச்சு.

டை ஆனால் கோடே மாறும்

2025 ப்ரோ கபடி சீசனில் லீக் ஆட்டங்களுக்கும் டை-பிரேக்கர் வந்தது. ஆளுக்கு 5 ரெய்டு. அப்போது பாக் லைனே போனஸ் கோடு. அதிலும் சமம் என்றால் கோல்டன் ரெய்டு. அதுவும் சமம் என்றால் டாஸ்! இது தெரியாமல் பார்ப்பவருக்கு, 'எப்படிப்பா போனஸ் கொடுத்தான்?' என்றுதான் தோன்றும்.

ஹாங்சோவில் நடந்தது

2023 அக்டோபர் 7, ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. இந்தியா - ஈரான் 28-28. சுமார் ஒரு நிமிடம் பாக்கி. பவன் ஷெராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்தார். விரட்டிப்போன ஈரான் வீரர்களும் அவுட்டா? பழைய விதி ஒன்று சொன்னது, புதிய விதி வேறு சொன்னது. தீர்ப்பு மாறி மாறி வந்தது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என்று ஜெயித்தது. அங்கே கேமராவுக்குப் பஞ்சமில்லை. எந்த விதி என்பதில்தான் தெளிவில்லை.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான். 2025-ல் என்எஃப்எல் சங்கிலி பிடித்து அளப்பதை விட்டுவிட்டு ஹாக்-ஐ கேமராவுக்கு மாறியது. ஆனால் பந்து எங்கே நின்றது என்று முடிவுசெய்வது இன்னமும் நடுவரின் கண்தான்.

நம்ம ஊருக்கு என்ன?

என் கருத்து இதுதான்: கேமராவுக்கு முன்னால் விதி வேண்டும். டை ஆனால் என்ன, லாபிக்கு எந்த விதி என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் சொல்லுங்கள். இரு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். போனஸ் கோட்டுக்கு நேராக ஒரு செல்போனை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தீர்ப்போடு காரணத்தையும் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

'ஊர் ஆட்டத்துக்கு இவ்வளவு தேவையா?' என்று கேட்கலாம். மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அவரைப் போன்றவர்கள் முதலில் ஆடுவது ஊர் மண்ணில்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்காதா என்று இன்றும் பசங்க அங்கேதான் மூச்சுப் பிடித்து ஆடுகிறார்கள். தோற்றவன், 'சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று வீட்டுக்குப் போக வேண்டும். 'ஏமாத்திட்டாங்க' என்று போனால், அந்தப் பகை களத்தோடு முடியாது.