திப்பியில் ஒரு பிளாஸ்டிக்

மூணாறு, தேக்கடி, நெல்லியம்பதி. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழக எல்லையை ஒட்டிய சுற்றுலா மலைகள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு இங்கெல்லாம் தடை விதித்து 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 2 முதல் அமல் என்று தேதியும் குறித்தது. தட்டுக்கும் கப்புக்கும் பதிலாக என்ன கொடுப்பது? மலைச்சாலையோர டீக்கடைக்காரரின் கவலை அதுதான்.

பதில்களில் ஒன்றுக்கான வேலை இருபது ஆண்டுகளுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் நடந்திருக்கிறது. அங்குள்ள மண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் கே. மாதவன் நம்பூதிரி, அசோக் பாண்டே ஆகியோர் அடங்கிய குழு கையில் எடுத்தது மரவள்ளித் திப்பியை. கிழங்கிலிருந்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை அது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் குவிந்து மாட்டுத் தீவனமாகப் போவதும் அதுவே. ஆனால் உலர்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து.

நுண்ணுயிர்களிடமிருந்து பெறும் நொதிகள் அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகின்றன. லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா அந்தச் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது. தயிர் புளிப்பதும் இதே அமிலத்தால்தான். இந்த அமில மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் தயார்.

ரசாயன முறையிலும் லாக்டிக் அமிலம் செய்யலாம். ஆனால் அதில் வலக்கால் செருப்பும் இடக்கால் செருப்பும் போல இரு வடிவ மூலக்கூறுகள் கலந்து வரும். கலப்படச் சங்கிலி நெருங்கி அடுக்காது. பிளாஸ்டிக்கும் உறுதியாக இருக்காது. சரியான பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தால், அதன் நொதி ஒரு காலுக்கான செருப்பை மட்டுமே தைத்துத் தரும்.

தொழிற்சாலைகளுக்கு இது புதிதல்ல. ஜப்பானின் நிட்டோ நிறுவனம் 1985-லேயே பாக்டீரியா நொதியைக் கொண்டு அக்ரிலமைடு தயாரித்தது. குடிநீர்ச் சுத்திகரிப்பில் பயன்படும் பாலிமருக்கு அதுவே மூலப்பொருள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 2002 முதல் மக்காச்சோளச் சர்க்கரை பிளாஸ்டிக்காகிறது. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில், கரும்பிலிருந்து ஆண்டுக்கு 80,000 டன் பாலிலாக்டிக் அமிலம் தயாரிக்கும் பல்ராம்பூர் ஆலைக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இடுக்கியிலும் கரும்பு உண்டு. ஆனால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்கான கரும்பைப் பிளாஸ்டிக்குக்குத் தரச் சொன்னால் விவசாயி சிரிப்பார். திப்பியின் மதிப்பு புரிவது இங்கேதான். மனிதன் தின்னும் பொருளில் அது கை வைப்பதில்லை. மாட்டின் பங்கில் கை வைக்கிறது என்பது வேறு விஷயம்.

சிக்கல்கள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பிளாஸ்டிக் விரைவாக மட்க ஏறக்குறைய 60 டிகிரி வெப்பமுள்ள உரக்கிடங்கு வேண்டும். மூணாறு குளிரில் தேயிலைச் சரிவில் வீசினால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சேகரிக்க ஆளும் கிடங்கும் இல்லாவிட்டால் ‘மட்கும்’ என்ற சொல் அட்டையில் மட்டுமே இருக்கும். தவிர, சாதாரண பாலிலாக்டிக் கப் அதே 60 டிகிரியில் இளகிவிடும். கொதிக்கும் டீயை அது தாங்காது.

நொதிகள் தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. மீதி வேலை மனிதர்களுடையது. அதுவரை டீக்கடைக்காரருக்கு எவர்சில்வர் தம்ளரே துணை.