புறப்படுமுன் இரண்டு நாட்கள்

ஐரோப்பாவில் நண்பர் மூவருடன் சுற்றிய கதையைச் சில வாரங்களாக எழுதி வந்தோம். பிரயாணம் முடியும் தறுவாயில், கண் எதைப் பார்த்தாலும் மனம் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. அவ்வாறு கழிந்த கடைசி இரண்டு நாட்களைச் சொல்லி இவ்வரிசையை முடித்துக்கொள்கிறோம்.

அந்நாட்களில் சுவிற்சர்லாந்தின் கிழக்கிலுள்ள கூர் நகரில், பழைய நண்பரொருவர் இல்லத்தில் தங்கினோம். அவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். பதுளையில் நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் நாட்டைவிட்டுச் சென்று, உணவு விடுதியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இன்று அந்நாட்டுக் குடிமகனாக வாழ்கிறார்.

"உங்களுக்கு ஓர் அதிசயம் காட்டுகிறேன்" என்று காலையிலேயே நம்மைப் புகையிரதத்தில் ஏற்றிவிட்டார். பேர்னினா மலைப்பாதை 2,253 மீற்றர் உயரத்தைக் கடந்து, 429 மீற்றர் உயரத்திலுள்ள இத்தாலிய நகரான திரானோவுக்கு இறங்குகிறது. இறங்கும் வழியில் புருசியோ என்றொரு சிற்றூர். அங்கே வெட்டவெளியில் ஒரு கற்பாலம். வண்டி அதன் மேல் வளைந்து சென்று, வட்டமிட்டு, சற்றுமுன் தான் ஓடிய பாலத்தின் அடியாலேயே நுழைந்து வெளிவருகிறது! பாலத்தின் வளைவுகளை எண்ணினோம். ஒன்பது!

"ஊர் ஞாபகம் வந்ததா?" என்று நண்பர் சிரித்தார்.

வராமல் இருக்குமா? எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் நமக்கும் ஓர் ஒன்பது வளைவுப் பாலம் உண்டல்லவா? புருசியோப் பாலம் 1908இல் திறக்கப்பட்டது. நமது பாலம் உருக்கு இன்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. அதையடுத்துத் தெமோதரையில், நிலையத்தை விட்ட வண்டி குன்றைச் சுற்றிவந்து அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் செல்லும்படி பாதை அமைத்தார்கள். 1924இல் அப்பாதை பதுளையை எட்டியது.

மாணவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் நேரே இறங்கினால் சரிவு மிகும். வட்டமிட்டு இறங்கினால் பாதை நீளும், சரிவு குறையும். இரு நாட்டு எஞ்சினியர்களும் கண்ட உபாயம் இதுவே. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை உதித்தது என்று நம் பக்கத்தில் ஒரு கதையும் உண்டு.

திரும்பும் வழியில் நண்பர் மெல்லச் சொன்னார்: "இந்த நாட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்த பிறகு குடியுரிமைக்கு எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். என் தாத்தா ஐம்பது வருஷம் தோட்டத்தில் மண் வெட்டினார். அவரை 1948இல் இந்த நாட்டவனல்ல என்று சொல்லிவிட்டார்கள்."

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. நண்பரின் அத்தை குடும்பமும் அக்கணக்கில் அடங்கியது. பதுளை நிலையத்தில் அவர்களை வழியனுப்பியபோது அவர் சிறுவன். தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்களை அவர் பிறகு காணவேயில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. தாத்தா அதுவரை இருக்கவில்லை.

மறுநாள் கடைவீதியில் கழிந்தது. சொக்கலேட்டும் விளையாட்டுச் சாமான்களுமாகப் பெட்டி நிறைந்தது. இரவு நண்பர் தடித்த கம்பளியொன்றைக் கொணர்ந்து வைத்தார்.

"அம்மாவுக்கு. முன்பெல்லாம் தோட்டத்தில் கம்பளி கொடுத்துச் சம்பளத்தில் கழிப்பார்கள். அப்படி வாங்கிய தன் கம்பளியைப் பாதியாக வெட்டித்தான், மழையில் நனையாமல் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்."

பெட்டியை நிறுத்தோம். விமானத்தில் அனுமதிக்கப்படுவது 23 கிலோ, நம்மிடமோ 26! நண்பர் முகம் வாடியது. நாம் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு ஒன்றும் பேசாமல் சொக்கலேட் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேசையில் அடுக்கினோம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தெமோதரைக்குப் போனோம். எண்பதைத் தாண்டிய அம்மா கம்பளியை விரித்தார், தடவிப் பார்த்தார், முகத்தோடு ஒரு கணம் வைத்துக்கொண்டார். பிறகு பழையபடி மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"குளிர்காலமாயிற்றே அம்மா, போர்த்திக்கொள்ளுங்கள்" என்றோம்.

"இருக்கட்டும் தம்பி. அவன் வந்து போர்த்தி விடட்டும்."

நமக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. அன்றிரவே அச்சொற்களை அப்படியே நண்பருக்கு எழுதினோம்.

பதில் வந்துவிட்டது. சித்திரையில் வருகிறாராம். அவர் வரும்போது அந்தச் சொக்கலேட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.