மண் வள அட்டையில் இல்லாத கட்டம்

காஞ்சிபுரம் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு,



மண் வள அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தாமலிலிருந்து எழுதுகிறோம். 2015இல் தொடங்கிய திட்டம் இது. கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று 12 கட்டங்கள். பயிருக்கு எது குறைகிறது என்று அவை சொல்கின்றன. பயிருக்குள் எது புகுந்திருக்கிறது என்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை. பாலாற்றுப் பாசன ஊர்களுக்காவது குரோமியம், காட்மியம், காரீயம் மூன்றையும் சேர்த்துச் சோதியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றை என்ன செய்தன என்பது 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக அந்த நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத நேர்ந்தது. ராணிப்பேட்டையில் 1990களில் நின்றுபோன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். தாமல் மண் கெட்டுவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கெட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமையைக் கேட்கிறோம்.

பயிரின் முகத்தைப் பார்த்தால் இது தெரியாது. குரோமேட்டின் வடிவம் கந்தகச் சத்தான சல்பேட்டை ஒத்திருப்பதால், அதற்கான வழியிலேயே வேருக்குள் போய்விடுகிறது. வேர் அதை வீரியம் குறைந்த குரோமியமாக மாற்றிப் பெரும்பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. காட்மியம் வந்தால் செடி வேறு ஆயுதம் எடுக்கிறது: குளூட்டதயோன் மூலக்கூறுகளைக் கோத்து ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு சங்கிலியைப் பின்னுகிறது. அதிலுள்ள கந்தகம் உலோகத்தைப் பற்றிக்கொள்ள, கட்டுண்ட நஞ்சு செல்லின் நீர்ப்பைக்குள் அடைபடுகிறது. ஜெர்மன் ஆய்வாளர்கள் 1985இல் இதைக் கண்டறிந்தார்கள். செடி இப்படிப் போராடி உயிர் பிழைப்பதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் அடைத்து வைத்தது அழிவதில்லை. அது கீரையின் இலையில் இருந்தால் கீரையோடு நம் தட்டுக்கு வருகிறது. வைக்கோலில் இருந்தால் மாட்டுக்குப் போகிறது.

நெல்லில் இன்னும் கவனம் தேவை. நீங்கள் பரிந்துரைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய வயலில் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும் காட்மியம், வயல் காயும்போது கரைந்து வேருக்குக் கிடைக்கும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் காய்ந்தால் அது மணிக்கே ஏறும். ஆர்சனிக் இருந்தாலோ நிலைமை நேர் எதிர். தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து. மண்ணில் இருப்பது எது என்று தெரியாமல் எங்களுக்கு எந்த நீர் முறையைச் சொல்வீர்கள்?

காட்மியம் அரிசிக்கு ஏறினால் என்ன ஆகும்? ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவுத் தண்ணீர் பாய்ந்த நெல்லைச் சாப்பிட்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. நோயாளிகளின் அலறலே நோய்க்குப் பெயரானது: இத்தாய் இத்தாய், அதாவது ‘வலிக்கிறது, வலிக்கிறது’. காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல்தான் ஏற்றது. அதற்குள் பல பத்தாண்டுகள் போயிருந்தன.

எங்கள் அவசரத்துக்கு இன்னொரு காரணம், வண்டல். எங்கள் தாமல் ஏரியின் தண்ணீரைச் சோதித்தால் தெளிவாகவே வரலாம்; உலோகம் அடியில் படிகிறது. அந்த வண்டலைத்தான் கோடையில் உழவர்கள் இலவசமாக அள்ளி வயலில் கொட்டுகிறார்கள். வரும் கோடையில் தாமல் ஏரியில் வண்டல் அள்ள அனுமதிச் சீட்டு வழங்கப்படும் முன்பே மதகடி, ஏரி நடு, கலங்கல் ஓரம் மூன்றிலும் வண்டல் எடுத்துச் சோதியுங்கள். சம்பா அறுவடையில் வேர், வைக்கோல், அரிசி மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். முடிவுகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தாமல் ஏரிப் பாசனத்தில் விளைந்ததைச் சாப்பிடுவோர்