வீரர்கள் வந்தனர், பயிற்றுநர்கள் எங்கே?

எமது பிள்ளைகளுள் எவராவது பிரித்தானியத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் கால் பதிப்பாரா என்று நெடுங்காலம் ஏங்கினோம். வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2023ஆம் ஆண்டு பார்ன்ஸ்லி அணிக்காகக் களமிறங்கியபோது அந்த ஏக்கம் தீர்ந்தது. ஆனால் அடுத்த விமலைப் பயிற்றுவிக்க எம்மிடையே எத்தனை பேர் உள்ளனர்?

இவ்விடத்தில் கிறிஸ் ராம்சியின் வாழ்க்கையை நோக்குதல் தகும். 1983ஆம் ஆண்டு வெம்பிளியில் நடைபெற்ற எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் அவர் பிரைட்டன் அணியின் பின்களத்தில் ஆடினார். மான்செஸ்டர் யுனைரெட்டின் நோர்மன் வைட்சைட் மோதியதில் காயமுற்று இடையிலேயே வெளியேறினார். ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. ஐந்து நாட்களின் பின் நடந்த மறு ஆட்டத்தில் அவர் இல்லை. பிரைட்டன் 0-4 எனத் தோற்றது. வீரர் என்ற வகையில் அவரை நினைவுகூருவோர் இன்று சிலரே.

அவருடைய பெரும்பணி அதன் பின்னரே தொடங்கியது. 1999ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 20 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்தார். பின்னர் வட இலண்டனின் ரொட்டன்ஹாம் கழகத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இளையோருடன் உழைத்தார். ஆர்சனல் சிறுவயதிலேயே விடுவித்த ஹரி கேன் அங்குதான் பொறுமையுடன் வளர்த்தெடுக்கப்பட்டார். 2015இல் ராம்சி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றபோது பிரீமியர் லீக்கின் ஒரே கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் அவரே. களத்திலோ கறுப்பின வீரர்கள் பலர்! அவ்வாண்டு நவம்பரில் பதவி பறிக்கப்பட்டது. 2016இல் அதே கழகத்திற்குத் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்பினார்.

வீரர்கள் உருவானால் பயிற்றுநர்கள் தாமாகவே உருவாகிவிடுவர் என்பது பிழையான கணக்கு என்பதை இது காட்டுகின்றது. கணினித்துறையில் பணிபுரியும் நான் ஞாயிறு காலைகளில் எமது சிறுவர் அணிக்குப் பந்துப் பைகளைச் சுமப்பவன். வரவுப் பதிவேடும் என் கையில்தான். பயிற்றுவிக்கும் தகுதி எனக்கில்லை. தகுதி பெறக்கூடியவர்களோ, தாயகத்தில் கழகங்களுக்கு ஆடிய அண்ணன்மார், கோடை விழாவில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்புகின்றனர். சிலரைக் கேட்டும் பார்த்தேன். "இனி எங்களுக்கு ஏன் தம்பி சான்றிதழ்?" என்பதே பதில்.

ஆண்டுதோறும் சுற்றுப்போட்டி நடத்தும் எமது பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வருடம் வெற்றிக் கிண்ணத்தின் உயரத்தைச் சற்றுக் குறையுங்கள். மிஞ்சும் பணத்தில் இருவரின் பயிற்சிநெறிக் கட்டணத்தைச் செலுத்துங்கள். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எங்கள் அணியில் பெண் பிள்ளைகளும் ஆடுகின்றனர்.